மறந்துவிட்டால் மன்னிக்க என்ன இருக்கிறது?

1999 ஜனவரி 22ஆம் தேதி இரவு. ஒடிசாவின் கியோஞ்சர் மாவட்டத்தில் மனோகர்பூர் என்ற பழங்குடி கிராமம். காட்டோர ஊர்களின் கிறிஸ்தவர்கள் ஆண்டுக்கொரு முறை கூடும் முகாமுக்கு வந்திருந்த கிரஹாம் ஸ்டெயின்ஸ், இரண்டு மகன்களோடு தன் வண்டிக்குள்ளேயே படுத்து உறங்கிவிட்டார். மூத்தவன் பிலிப்புக்கு வயது 10. இளையவன் திமோத்திக்கு 6. நள்ளிரவு தாண்டியதும் தடிகளோடு ஒரு கும்பல் வந்தது. வண்டியை அடித்து நொறுக்கியது, அடியில் வைக்கோலைத் திணித்துத் தீ வைத்தது, உள்ளே இருந்த மூவரும் இறங்க முடியாதபடி சுற்றி நின்றுகொண்டது. காப்பாற்ற ஓடிவந்தவர்களையும் விரட்டியடித்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலிருந்து 1965இல் மயூர்பஞ்ச் மாவட்டத்துப் பாரிபதாவுக்கு வந்து, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொழுநோயாளிகளுக்காக உழைத்த ஒரு மனிதரும் அவர் பிள்ளைகளும் இப்படித்தான் இறந்தார்கள்.

அவருடைய மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அன்று 13 வயது மகள் எஸ்தருடன் பாரிபதா வீட்டில் இருந்தார். கொன்றவர்களை மன்னித்துவிட்டதாகச் சில நாட்களுக்குள்ளேயே அவர் சொன்னார். அடக்கத்தின்போது தாயும் மகளும் நின்று பாடியதை நாடே பார்த்தது. அந்தக் காட்சி நினைவில் நின்ற அளவுக்கு, அதற்குப் பிறகு அவர் செய்தவை நம் நினைவில் நிற்கவில்லை. அவர் ஊரைக் காலி செய்துகொண்டு போகவில்லை. செவிலியராகப் பயிற்சி பெற்றவர். கணவர் பார்த்த தொழுநோய் இல்லத்தைத் தானே ஏற்று நடத்தினார். கணவர் பெயரில் ஒரு மருத்துவமனையும் 2004இல் அங்கே எழுந்தது. அந்த ஆண்டுதான் அவர் ஆஸ்திரேலியா திரும்பினார். மறு ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. இந்த ஆண்டுகளில் வழக்கும் தன் போக்கில் நடந்தது. விசாரணை நீதிமன்றம் 2003இல் முதன்மைக் குற்றவாளி தாரா சிங்குக்குத் தூக்கும் மற்ற 12 பேருக்கு ஆயுளும் விதித்தது. 2005இல் உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாக்கி, தாரா சிங்கையும் மகேந்திர ஹெம்பிராமையும் தவிர மற்ற 11 பேரையும் விடுவித்தது. 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மன்னித்துவிட்டேன், ஆகவே வழக்கை விட்டுவிடுங்கள் என்று அவர் எந்த இடத்திலும் கேட்கவில்லை. மன்னிப்பு வேறு, குற்றத்தின் விளைவு வேறு, இரண்டையும் குழப்பக் கூடாது என்பதே அவர் நிலைப்பாடாக இருந்தது.

இந்தப் பிரிவினையில்தான் அவருடைய மன்னிப்பின் வலிமை இருக்கிறது என்பது என் வாதம். கொடுமை செய்தவரை மன்னிப்பதை நாம் பெரும்பாலும் ஒரு சலுகையாகவே பார்க்கிறோம். பாதிக்கப்பட்டவர் தன் கையில் இருப்பதை எடுத்துக் குற்றவாளிக்குக் கொடுப்பதாக. அதனால்தான் அதைக் கேட்டவுடன் ஒரு பக்கம் கண்ணீர் மல்கப் புகழ்கிறோம், இன்னொரு பக்கம் இது அநியாயம் என்று கொதிக்கிறோம். உண்மையில் கிளாடிஸ் தாரா சிங்குக்கு எதையும் கொடுக்கவில்லை. ஒரு நாள் சிறையைக்கூடக் குறைத்துக் கொடுக்கவில்லை. அவர் செய்தது, அந்த இரவு தன் மிச்ச வாழ்நாளை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையைக் கொலைகாரர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான். எந்த வேலையை நிறுத்த அவர்கள் வண்டிக்குத் தீ வைத்தார்களோ, அந்த வேலையை அவர் மறுநாளும் தொடர்ந்தார். பாரிபதாவில் புண்களுக்குக் கட்டுப்போட்ட ஒவ்வொரு நாளும் அந்தக் கும்பலின் நோக்கம் தோற்றுக்கொண்டிருந்தது.

தமிழில் இந்த விஷயத்தைத் தெளிவாகப் பேசுவதற்கு நம் சொல்லே இடைஞ்சல். காலை மிதித்துவிட்டால் கேட்பதும் மன்னிப்பு. பிள்ளையைக் கொன்றவன் மேல் இருக்கும் வன்மத்தைத் தாய் விடுவதும் மன்னிப்பு. ஆளுநர் கையெழுத்தில் கைதி வெளியே வருவதும் செய்தித்தாளில் பொதுமன்னிப்பு. முதலாவது மரியாதை, இரண்டாவது ஒருவர் மனத்துக்குள் நடக்கும் வேலை, மூன்றாவது அரசின் அதிகாரம். மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வாதாடுவதால் பாதிச் சண்டை வீணாகப் போகிறது. இதோடு மேடைகளில் ஊறிப்போன ‘மறப்போம், மன்னிப்போம்’ என்ற தொடர் வேறு. கட்சிகள் பிரிந்து சேர்வதற்கு அது பொருந்தலாம். பெருங்கொடுமைக்கு அது பொருந்தவே பொருந்தாது. மறந்துவிட்ட ஒன்றை மன்னிக்க என்ன இருக்கிறது? நினைவிருப்பவர்களால் மட்டுமே மன்னிக்க முடியும்.

தொழுநோயாளிகளோடு வாழ்ந்தவர்களுக்கு இது வேறு யாரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கும். அந்த நோய் சதையைத் தின்கிறது, விரல்கள் தானாக உதிர்கின்றன என்றுதான் ஊர் வெகுகாலம் நம்பியது. வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் 1946 முதல் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட், நோயாளிகளின் கைகளையும் கால்களையும் அருகிருந்து கவனித்து வேறொன்றைக் கண்டார். நோய் நரம்புகளை மரக்கச் செய்கிறது. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தை வெறுங்கையால் தூக்குகிறார்கள், காலில் ஆணி ஏறியது தெரியாமல் நாள் முழுக்க நடக்கிறார்கள், புண் ஆழமாகிக்கொண்டே போகிறது. வலியை இழந்ததுதான் உறுப்புகளை அழிக்கிறது. அதனால் அந்தப் புண்ணைப் பார்ப்பவர் ஒவ்வொரு மாலையும் நோயாளியின் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். எங்கே சிவந்திருக்கிறது, எங்கே கொப்புளம் என்று விரலால் தடவித் தேட வேண்டும். மறதி மனத்துக்குச் செய்வதும் இந்த மரத்துப்போதலைத்தான். நடந்ததை மூடி வைத்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லும் குடும்பங்களிலும் ஊர்களிலும் புண் உள்ளே ஆழமாகிறது. மன்னிப்பவர் அந்தப் புண்ணை வெளிச்சத்தில் பார்க்கிறார், வலிக்கிறது என்று ஒப்புக்கொள்கிறார், அதற்குப் பிறகுதான் அடுத்த அடி.

இதற்குச் சான்று உண்டா, அல்லது பக்தர்களின் பேச்சு மட்டும்தானா என்று கேட்பது நியாயம். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து உளவியலாளர் ராபர்ட் என்ரைட், மன்னிப்பைப் பல ஆண்டுகளாக ஆய்வுக்கு உட்படுத்தியவர். அவரும் சுசான் ஃப்ரீட்மனும் 1996இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, சிறுவயதில் சொந்தக் குடும்பத்து ஆணால் பாலியல் வன்முறைக்கு ஆளான 12 பெண்களைப் பற்றியது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, வாரம் ஒரு முறை, சராசரியாக ஓராண்டுக்கும் மேல் நடந்த அந்த ஆலோசனையில் மன்னிப்பு முதல் பாடமாக வைக்கப்படவில்லை. முதலில் கோபத்தை முழுசாக வெளியே கொண்டுவருவது. நடந்தது கொடுமை, அதில் தன் தவறு ஏதுமில்லை என்று உறுதியாகச் சொல்வது. வெகு காலம் கழித்தே மன்னிப்பது. முடிவில் அவர்களுடைய மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன, நம்பிக்கை கூடியது. 12 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் அது காட்டும் வரிசைமுறை முக்கியம். கோபத்தைத் தாண்டிக் குதிப்பது மன்னிப்பாகாது, கோபத்துக்குள் நடந்துபோய் மறுபக்கம் வெளிவருவதுதான் மன்னிப்பு. குற்றவாளியோடு மீண்டும் உறவாடுவது அதில் நிபந்தனையே இல்லை. அவர் இருக்கும் ஊர்ப் பக்கமே போகாமல் ஒருவரை மன்னிக்கலாம்.

மன்னித்தால் கொலைகாரன் திருந்துவான் என்ற வாக்குறுதியை மட்டும் நான் தர மாட்டேன். சில சமயம் அப்படி நடக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் மாவட்டத்தில் நிலமற்றவர்களுக்காகவும் கடனாளிகளுக்காகவும் வேலை செய்த கேரளக் கன்னியாஸ்திரி ராணி மரியாவை, 1995 பிப்ரவரியில் ஓடும் பேருந்தில் வைத்துக் குத்திக் கொன்றார் சமந்தர் சிங். 2002இல் ராணி மரியாவின் தங்கை, தானும் ஒரு கன்னியாஸ்திரி, சிறைக்குப் போய் அந்த மனிதரின் கையில் ராக்கி கட்டினார். அவருடைய விடுதலைக்குக் குடும்பமே கையெழுத்திட்டது. 2006இல் வெளியே வந்தவர், பிறகு கேரளத்துக்குப் போய் ராணி மரியாவின் தாயின் முன்னால் நின்றார். தன் மகளைக் குத்திய கையைப் பிடித்து அந்தத் தாய் முத்தமிட்டார். சமந்தர் சிங் பல முறை பொதுவெளியில் மனம் வருந்திப் பேசியிருக்கிறார். மனோகர்பூர் வழக்கிலோ கதை வேறு. நன்னடத்தையின் அடிப்படையில் 2025 ஏப்ரலில் 25 ஆண்டுச் சிறைக்குப் பிறகு விடுதலையான மகேந்திர ஹெம்பிராம், தன்மேல் பொய் வழக்குப் போடப்பட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். தாரா சிங் முன்விடுதலை கேட்டு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனுவில் வருந்துவதாகச் சொல்லியிருந்தார். விடுதலை மனுவில் எழுதப்படும் வருத்தத்தை எவ்வளவு எடை போடுவது என்பது அவரவர் கணிப்பு. குற்றவாளி திருந்துவதுதான் மன்னிப்பின் பயன் என்றால் கிளாடிஸின் மன்னிப்பு பாதி தோற்றுவிட்டது என்று சொல்ல வேண்டிவரும். அது தோற்கவில்லை, ஏனென்றால் அது அவர்களுடைய மனத்தை நம்பி நிற்கவே இல்லை. வருந்தினால்தான் மன்னிப்பேன் என்று சொல்பவர், தன் நிம்மதியின் சாவியைக் குற்றவாளியின் சட்டைப்பையில் விட்டுவைக்கிறார்.

முதல் எதிர்வாதம் இறந்தவர்களின் பக்கத்திலிருந்து வருகிறது. எரிந்துபோனது பிலிப்பும் திமோத்தியும். அவர்கள் சார்பில் மன்னிக்கத் தாய்க்கே உரிமை இருக்கிறதா? நேர்மையான பதில், இல்லை. தாய் தனக்கு நேர்ந்ததை மட்டுமே மன்னிக்க முடியும்: தன் வீட்டில் காலியான கட்டில்களை, தன் மகளின் தனிமையை. பிள்ளைகள் இழந்த வாழ்நாளுக்கு அவர் கணக்குத் தீர்க்க முடியாது, அவர் தீர்க்கவும் முயலவில்லை. தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியை நாம் ஸ்ரீபெரும்புதூரில் சந்தித்தோம். 1991 மே 21ஆம் தேதி ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற நளினியைத் தூக்கிலிட வேண்டாம் என்று சோனியா காந்தி கேட்டுக்கொண்டார். 2000இல் அது ஆயுளாகக் குறைந்தது. 2008 மார்ச்சில் பிரியங்கா காந்தி வேலூர் சிறைக்கு வந்து நளினியைச் சந்தித்தார். தாங்கள் முழுமையாக மன்னித்துவிட்டதாக ராகுல் காந்தி 2018இல் சொன்னார். தந்தையை அப்படி இழந்த பிள்ளைகள் இதைச் சொன்னதை நான் பெரிதாகவே மதிக்கிறேன். அதே வெடிப்பில் காவலர்கள், கட்சிக்காரர்கள் என்று மேலும் பத்துக்கும் மேற்பட்டோர் உடல் சிதறி இறந்தார்கள். அந்தக் குடும்பங்களில் சிலர் கடைசிவரை விடுதலையை எதிர்த்தார்கள், நீதிமன்றம்வரை போனார்கள். ராஜீவ் குடும்பமே மன்னித்துவிட்டது, இவர்களுக்கு என்ன என்று அன்று பலர் கேட்டது எனக்குப் பெரும் அநீதியாகப் பட்டது. பெரிய வீட்டின் மன்னிப்பு பக்கத்துச் சின்ன வீட்டுக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டதாக எந்த நியாயமும் இல்லை.

ராஜீவ் கொலை வழக்கின் கைதிகள் எழுவரும் வெளியே வந்தது யாருடைய மன்னிப்பாலும் அல்ல என்பதையும் நாம் எளிதில் மறந்துவிட்டோம். மூவரின் தூக்கை 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஆயுளாக்கியது, கருணை மனுவின்மேல் முடிவெடுக்க 11 ஆண்டுகள் இழுத்தடித்ததற்காக. 2022 மே மாதம் அந்த மூவரில் ஒருவரான பேரறிவாளனை அரசமைப்புச் சட்டத்தின் 142ஆம் பிரிவில் விடுவித்தது. அமைச்சரவையின் பரிந்துரையை ஆளுநர் முடிவெடுக்காமல் வைத்திருந்தது அதில் பெரிய இடம் பிடித்தது. நவம்பரில் மற்ற ஆறு பேரும் வந்தார்கள். முப்பது ஆண்டுச் சிறை, நடைமுறைத் தாமதம், மாநில அரசின் அதிகாரம் ஆகியவையே அங்கே எடைபோடப்பட்டன. அந்த முடிவை ஆதரிக்கலாம், எதிர்க்கலாம். எப்படியானாலும் சட்டத்தின் மொழியில் வாதாட வேண்டிய விஷயம் அது. ஒரு குடும்பத்தின் மன்னிப்பைச் சிறைக்கதவின் திறவுகோலாக்கினால், நாளைக்கு மன்னிக்க மறுக்கும் ஓர் ஏழைத் தாயின் மறுப்பைப் பூட்டாக்க வேண்டிவரும். தண்டனையின் அளவை அவர் மனநிலைமேல் ஏற்றுவது அவருக்கும் கொடுமை, சட்டத்துக்கும் கேடு. ராணி மரியா குடும்பத்தின் கையெழுத்து எவ்வளவு உருக்கமானதாக இருந்தாலும், எல்லா வழக்குக்கும் அதை ஒரு நடைமுறையாக்குவதை நான் எதிர்ப்பேன்.

இரண்டாவது எதிர்வாதம்தான் என்னை அதிகம் நிறுத்தி யோசிக்க வைப்பது. மன்னிக்கச் சொல்லும் அறிவுரை பெரும்பாலும் மேலிருந்து கீழ்நோக்கியே வருகிறது. அடிபட்ட மனைவியிடம், சேரிக்குத் தீ வைக்கப்பட்ட குடும்பத்திடம், சிதைக்கப்பட்ட சிறுமியிடம் ‘பெரிய மனசு பண்ணுங்க’ என்கிறோம். அடித்தவனிடம் யாரும் மனசை அளந்து பார்ப்பதில்லை. 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், பதின்ம வயதுப் பெண்ணை வன்புணர்ந்ததற்காக ஏழாண்டுச் சிறைத் தண்டனை பெற்றவருக்கு, அந்தப் பெண்ணோடு சமரசம் பேசுவதற்காகவே ஜாமீன் வழங்கியது. அவருக்குப் பிறந்த குழந்தையை அந்தப் பெண் தனியாக வளர்த்துக்கொண்டிருந்தார். சமரசத்துக்கு வர முடியாது என்றார் அவர். ஜூலை முதல் நாளில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், பாலியல் வன்முறைக் குற்றங்களில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று கண்டிப்பாகச் சொன்ன பிறகு, சென்னை நீதிமன்றம் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றது. சட்டம் படித்தவர்களே மன்னிப்புக்கும் சமரசத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் நின்ற நாட்கள் அவை. கட்டப்பஞ்சாயத்துகளில் நடப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே மன்னிப்பு என்ற பெயரில் பணமும் மிரட்டலும் கைமாறுகின்றன.

ஆய்வுகளும் இந்த அச்சத்தை ஆதரிக்கின்றன. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் மெக்நல்டி, புதிதாக மணமானவர்களை முதல் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். உடனுக்குடன் மன்னிக்கும் இயல்புள்ளவர்களின் துணைவர்கள் காட்டிய வசையும் வன்முறையும் குறையவில்லை. மன்னிக்கத் தயங்கியவர்களின் துணைவர்களிடம் அது குறைந்தது. என்ரைட்டின் முடிவுகளுக்கு இது முரண் என்று தோன்றலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஆபத்து முடிந்த பிறகு மன்னிப்பது ஒன்று, ஆபத்து தொடரும்போதே மன்னித்துக்கொண்டிருப்பது இன்னொன்று. சிறுவயதில் சிதைக்கப்பட்ட அந்த 12 பெண்களும் குற்றவாளியின் பிடியிலிருந்து விலகி, பல ஆண்டுகள் கழித்து, பக்கத்தில் ஒருவர் துணையிருக்க அந்த வேலையைச் செய்தார்கள். அடுத்த அடி எப்போது விழும் என்று தெரியாத வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு முதலில் தேவை பாதுகாப்பு. அவரிடம் போய் மன்னிப்பைப் பற்றிப் பேசுவது, எரியும் வண்டிக்குள் இருப்பவரிடம் பேசுவதைப் போன்றது.

மன்னிக்காதவர்களை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதும் இதோடு சேர்ந்தது. உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13ஆம் தேதி பட்டப்பகலில், பேருந்து நிலையத்தருகே, கௌசல்யாவின் கண்முன்னே அவர் கணவர் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். கௌசல்யாவும் வெட்டுப்பட்டார். சாதி மாறி மணந்ததுதான் காரணம். அவர் தன் பெற்றோருக்கு எதிராகவே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 2017இல் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்து, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுளாக்கியது. ஓய மாட்டேன் என்றார் கௌசல்யா. பெற்றவர்களையே மன்னிக்கவில்லையே என்று அவரைத் தூற்றியவர்கள் உண்டு. கிளாடிஸை வியக்கும் நான் கௌசல்யாவை அவருக்கு ஒரு படி கீழே வைக்க மாட்டேன். நம் மரபும் அப்படி வைத்ததில்லை. சைவ வேடத்தில் வந்து தன்னைக் குத்திய முத்தநாதனைக் கொல்ல வந்த காவலன் தத்தனைத் தடுத்து, ஊர் எல்லை தாண்டி அவனைப் பத்திரமாக விட்டுவரச் சொல்லி, விட்டாயிற்று என்ற செய்தி வரும்வரை உயிரைப் பிடித்துவைத்திருந்த திருக்கோவலூர் மெய்ப்பொருள் நாயனாரையும் நாம் வணங்குகிறோம். பாண்டியன் தன் தவற்றை உணர்ந்து உயிரைவிட்ட பிறகும் அடங்காமல் மதுரையை எரித்த கண்ணகியையும் தெய்வமாக்கி வைத்திருக்கிறோம். கண்ணகிக்கு நாம் யாரும் பொறுமைப் பாடம் எடுப்பதில்லை.

மன்னிக்கும் உரிமையைத் தனிமனிதரிடமிருந்து எடுத்து அரசு தன் கையில் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதைத் தென்னாப்பிரிக்கா காட்டியது. நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், அரசியல் காரணத்துக்காகக் கொடுமை செய்தவர் முழு உண்மையையும் சொன்னால் வழக்கிலிருந்து விலக்குத் தரலாம் என்றது. வருத்தம் தெரிவிப்பது நிபந்தனையாக இல்லை. 1977இல் காவலில் கொல்லப்பட்ட நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பிக்கோவின் குடும்பம், எங்கள் வழக்குரிமையைப் பறிக்க நீங்கள் யார் என்று 1996இல் அரசமைப்பு நீதிமன்றத்துக்குப் போய்த் தோற்றது. பிக்கோவைக் காவலில் வைத்திருந்த போலீஸ் அதிகாரிகளின் விலக்கு மனுக்கள் முழு உண்மை சொல்லாததால் 1999இல் தள்ளுபடியாயின. உள்நாட்டுப் போர் மூளாமல் நாட்டைக் கரைசேர்க்க அந்த ஏற்பாடு தேவைப்பட்டிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. அதற்கு நல்லிணக்கம் என்றல்லாமல் அரசியல் ஒப்பந்தம் என்று பெயர் வைத்திருந்தால் பிக்கோ குடும்பத்தின் மறுப்பு மனக்குறையாகத் தெரிந்திருக்காது.

நம் நாட்டுக்கே திரும்பினால், இன்னும் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். கிளாடிஸ் மன்னித்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, அதே ஒடிசாவில், 2008 ஆகஸ்டில் சுவாமி லட்சுமணானந்த சரஸ்வதி கொல்லப்பட்டதை அடுத்து கந்தமாலில் கிறிஸ்தவர்களின் வீடுகளும் தேவாலயங்களும் எரிந்தன. ஆயிரக்கணக்கானோர் காட்டுக்குள் ஓடினார்கள். அப்படியானால் அந்த மன்னிப்பு என்ன சாதித்தது என்று கேட்டவர்கள் உண்டு. 2011இல் உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில், மதமாற்றம் குறித்து ஸ்டெயின்ஸுக்குப் பாடம் புகட்டுவதே நோக்கம் என்ற தொனியில் சில வரிகளை எழுதி, எதிர்ப்புக் கிளம்பியதும் நான்கே நாளில் அவற்றை நீக்க வேண்டியிருந்தது. ஒரு விதவையின் மன்னிப்பு ஒரு மாநிலத்தின் காவல் துறைக்குப் பதிலாக நிற்க முடியாது. வெறுப்புப் பேச்சைத் தடுக்கும் வேலை, ஊரைக் காக்கும் வேலை, வழக்கை ஒழுங்காக நடத்தும் வேலை எல்லாம் நம்முடையவை, நாம் தேர்ந்தெடுத்த அரசுகளுடையவை. அவர் தன் பங்கைச் செய்தார். நாம் பத்மஸ்ரீ கொடுத்துவிட்டு, நம் பங்கும் முடிந்ததாக எண்ணிக்கொண்டோம். பாராட்டு அங்கே கடமையிலிருந்து தப்பிக்கும் வழியாகிவிட்டது.

ஆகவே செய்தித் துறையில் இருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில், பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் வெளியே வரட்டும் என்று ஒரு தாய் காத்திருக்கும்போது, மைக்கை நீட்டி ‘அவங்களை மன்னிப்பீங்களா?’ என்று கேட்காதீர்கள். மன்னிப்பேன் என்று அவர் சொன்னால் மறுநாளே குற்றவாளியின் வக்கீல் அதை எடுத்துக்கொள்வார். மன்னிக்க மாட்டேன் என்றால் கல்நெஞ்சம் என்று நாலு பேர் எழுதுவார்கள். இரண்டில் எதைச் சொன்னாலும் அது அவருடைய சொல்லாக இருக்காது. அந்தத் தாய்க்கு அப்போது வேண்டியது உட்கார ஒரு நாற்காலி, குடிக்கத் தண்ணீர், கையில் எஃப்.ஐ.ஆர். நகல், அதில் எல்லாப் பெயர்களும் சரியாக இருக்கின்றனவா என்று வரிவரியாகப் படித்துச் சொல்ல ஒரு ஆள்.